மரம் நாட்டியபோது பேச்சி உள்ளே இருந்தாள்

மட்டாஞ்சேரி படகுத்துறையில் பேச்சியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாது என்று சொன்னால் அவளும் விடமாட்டாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து மூட்டை தூக்க வந்த குடும்பம். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் பஜார் ரோட்டுக்குப் பின்னால்தான். தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பாள். ஏசுவதற்கு மட்டும் இரண்டையும் சேர்த்துக்கொள்வாள். புருஷன் சங்கரலிங்கம் முகமது இஸ்மாயிலின் தோணியில் பண்டாரி, அதாவது சமையல்காரன். 1957 சித்திரையில் மஞ்சள் காமாலை கண்டு அவன் போய்ச் சேர்ந்தான். அழுது முடிப்பதற்குள் இடவப்பாதி என்கிற பருவமழை பிடித்துக்கொண்டது.

மழைக்காலத்தில் அந்தத் தோணி கடலுக்குப் போகாது. பாய்மரத்தைக் கழற்றிக் கிடத்தி, மேலே தென்னோலை வேய்ந்து, காயலில் நங்கூரம் போட்டுவிட்டு நல்ல காற்றுக்காகக் காத்துக் கிடப்பார்கள். அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. மரம் கழற்றிய தோணி வீட்டுக்குச் சமம். பெண்கள் வரலாம், போகலாம். மரத்தை நாட்டிவிட்டால் பெண் கால் படக்கூடாது. எந்த மகராசன் போட்ட சட்டமோ, நன்றாகப் போட்டான் போங்கள்!

சங்கரலிங்கம் போனபின் அழகர் என்ற தோணிக்காரன் கரண்டியைப் பிடித்தான். அவன் வைத்த கஞ்சியைப் பார்த்து மீன்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. தோணியின் தலைவரான தண்டல் இஸ்மாயில் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. “நாணு, போய் நம்ம சங்கரலிங்கம் பொஞ்சாதியைக் கூட்டிட்டு வாப்பா. மழை விடுற வரைக்கும் சோறாக்கட்டும்” என்றார்.

பேச்சி வந்தாள். மணல் பரப்பிய மரப்பெட்டியில் மண் அடுப்பு. அதன் முன்னால் புருஷன் உட்கார்ந்து தேய்ந்த பலகை. அதில் உட்கார்ந்து பலகையைக் கையால் தடவினாள். அப்புறம் அடுப்பைப் பார்த்தாள். அழகர் பண்ணி வைத்திருந்த கோலத்தில் துக்கம் பறந்துபோய்க் கோபம் வந்தது. “இது அடுப்போ, குப்பைக்குழியோ?” என்று அன்றைக்கே இடித்துப் புதிதாகக் கட்டினாள்.

ஓலைக்கூரை ஒழுகும். ஆண்கள் கயிறு திரிப்பார்கள், பாய்க்கு ஒட்டுப் போடுவார்கள், சீட்டாடிச் சண்டை பிடிப்பார்கள். காலையில் எழுந்ததும் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துக் காற்றைப் பற்றி ஒரு தீர்ப்பு. வைப்பின் தீவுக்காரன் நாணு தினமும் “நாளெ மாறும் சேச்சி” என்பான். மறுநாள் முந்தின நாளைவிடப் பலமாகக் கொட்டும். பேச்சி கப்பைக்கிழங்கு வேகவைத்து மத்திக் குழம்பு ஊற்றினாள். குளிக்காமல் வந்தவனுக்குச் சோறில்லை என்றாள். அடுப்புப் பக்கம் வெற்றிலை துப்பிய அழகரை ஒரு வேளை பட்டினி போட்டாள். எல்லாரும் அடங்கிப் போனார்கள், குழம்பு அப்படி.

அவளுக்கு அந்த அடுப்பு வேண்டும். மழை மாதங்களுக்கு மட்டுமல்ல, வருஷம் பூராவும் வேண்டும். வீட்டில் தனியாக ஒருத்திக்கு உலை வைப்பது அவளுக்குப் பிடிக்கவேயில்லை. ஒருநாள் இஸ்மாயிலிடம் நேராகவே கேட்டுவிட்டாள். தோணியில் எல்லாருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

“காக்கா, இனிமே பண்டாரி வேலையை நான்தான் பாக்கப் போறேன்.”

இஸ்மாயில் பதறிப்போனார். “என்ன பேச்சு பேசுறே? மரம் நாட்டுன தோணியில பொம்பளையா? நாலு தண்டல்மாரு காறித் துப்புவாங்க. மரம் நாட்டுற அன்னைக்கு நீ இறங்கிரணும். தூத்துக்குடி போய் ஒரு ஆம்பிளையைப் பார்த்துக்கிறோம்.”

“ஆம்பிளை லட்சணத்தைத்தான் அழகர் கஞ்சியில கண்டேனே” என்றாள் பேச்சி. இஸ்மாயில் மனசு மாறவில்லை.

ஆவணியில் ஒரு காலை, துடைத்துவிட்டாற்போல் வானம் வெளுத்தது. காற்று வடமேற்கிலிருந்து வீச ஆரம்பித்தது. தோணியில் ஒரே களேபரம். இஸ்மாயில் அனுமதி வாங்கத் துறைமுக ஆபீசுக்கு ஓடினார். முன்பக்கத்து ஓலையைப் பிய்த்து எறிந்தார்கள். பேச்சி மார்க்கெட்டுக்குப் போனதைப் பார்த்தவர்கள் அவள் வீட்டுக்கே போய்விட்டதாக நினைத்தார்கள். அவளோ கூடை நிறைய மீனோடு இன்னொருவன் வள்ளத்தில் திரும்பிவந்து, பின்பக்கக் கூரைக்குக் கீழே அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

மரத்தை நிமிர்த்தக் கயிற்றைப் பிடித்ததும் தண்டல் சத்தமாகக் கேட்கவேண்டும், அது வழக்கம். திரும்பி வந்திருந்த இஸ்மாயில் கேட்டார்: “உள்ளே பொம்பளை ஆளு உண்டா?”

பேச்சிக்கு நன்றாகக் கேட்டது. கரண்டியைக் குழம்பிலேயே பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் இறங்கவேண்டும். அவள் சொல்லவில்லை.

“ஏலேலோ” என்று இழுத்தார்கள். மரம் நின்றது. அதன் அடியில் ஆப்பு இறங்கியது. அப்போதுதான் அழகர் மூக்கை உறிஞ்சினான். “காக்கா... குழம்பு வாசம் வருதே!”

எல்லாரும் பின்பக்கம் ஓடினார்கள். இஸ்மாயில் தலையில் கைவைத்தார். “அடப்பாவி! நான் கேட்டேனே, ஏன் சத்தம் குடுக்கல்லே?”

“உப்புப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“இறங்கு, இறங்கு!”

பேச்சி நிதானமாகக் கரண்டியைத் தட்டி வைத்தாள். “இறங்கறேன் காக்கா. எனக்கென்ன? ஆனா மரம் நாட்டியாச்சே. நாட்டுன பெறகு உள்ள இருந்த ஆளு கரைக்கு இறங்கினா காத்தும் இறங்கிப் போகும்னு நீங்கதானே சொல்லுவீங்க? போன வருஷம் அழகருக்குப் பல்வலி வந்தப்பக்கூட விடல்லியே?”

அழகர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, “ஆமா, விடல்லே” என்றான். நாணு சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டான். இஸ்மாயில் மரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், குழம்பையும் பார்த்தார். அப்புறம் முன்பக்கம் போய் நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்.

விழிஞ்ஞம் தாண்டும்போது கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. பேச்சி குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். ஒரு கையால் அடுப்புப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மறுகையால் சோறு வடித்தாள். ஒரு வேளைச் சோறும் தவறவில்லை. தூத்துக்குடியில் கரை சேர்ந்தபின் இஸ்மாயில் வேறு ஆள் தேடவில்லை. மற்ற தண்டல்மார்கள் வம்புக்கு வந்தபோது, “நாங்க யாரையும் ஏத்தலைப்பா. மரம் நாட்டுறப்போ அது உள்ளே இருந்துச்சு” என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஆவணியிலும் மட்டாஞ்சேரியில் வானம் வெளுத்தது. எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காற்று ஜோராக அடித்தது. பக்கத்துத் தோணி கிளம்பியே விட்டது. இஸ்மாயிலோ கையை நெற்றியில் வைத்துத் துறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, இழுக்கலாமா?” என்றான் அழகர்.

“பொறுடா” என்றார் இஸ்மாயில். “பேச்சி இன்னும் வரல்லே.”