மாமா அழித்த பக்கம்

ஆரணியில் பட்டுத்தறி ஓட்டும் என் தாய்மாமா, ஐம்பது வயதுக்கு மேல் இணையப் பக்கம் செய்யக் கற்றுக்கொள்ள கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தார். ஒன்பதாவதோடு நின்றுவிட்ட நானும் அங்கேதான் படித்தேன்.

"இன்னா மாமா, மௌஸ தறி நாடா மாதிரி இந்தாண்ட அந்தாண்ட ஓட்டிகினு கீறீங்க?" என்று சீண்டுவேன்.

"மூடிகினு உன் வேலைய பாருடா" என்பார் சிரித்துக்கொண்டே.

இறந்துபோன அத்தைக்காக அவர் ஒரு பக்கம் செய்தார். அத்தையின் படத்தைத் தொட்டால், "ஜல்தி வாங்க, சோறு ஆறிப்போவுது" என்று அத்தை கூப்பிடுவது கேட்கும். அந்தக் குரல் இருந்த பழைய போன் பிறகு பழுதாகிவிட்டது.

அடுத்த பாடம் தொடங்கிய அன்று அந்தப் பக்கத்தைக் காணோம்.

"அத்தை எங்க மாமா?"

"அழிச்சிட்டேன்டா. அதான் நெட்ல வந்துகினு இருந்திச்சே! புடவை முடிஞ்சா அறுத்து எடுத்துட்டு, தறிய காலி பண்ணிதான அடுத்தத போடுவோம்?"

பிரவுசரில் திறந்ததாலேயே அது நெட்டில் இருப்பதாக மாமா நினைத்துவிட்டார்; இணையத்தில் அதை யாரும் ஏற்றியிருக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் இருந்தது. ஆசிரியர் எவ்வளவோ தேடியும் குரல் கிடைக்கவில்லை.

"அப்ப அவ அவ்ளோதானா சார்?" என்று மாமா கேட்டார். எனக்குக் கேலி எதுவும் வரவில்லை.

இப்போதெல்லாம் எதைத் தொடும் முன்பும் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுகிறேன். மாமாவுக்கும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டில் அம்மா பேசுவதைப் போனில் பதிவு செய்கிறேன்.

"திட்றத எல்லாம் எதுக்குடா புடிச்சி வெக்கிற?" என்கிறார் அம்மா.

அதையும் இரண்டு இடத்தில் சேமிக்கிறேன்.