விசாரிக்கச் சொன்ன டிரைவர்

யுத்த காலத்தில் திருத்தணியில் கரியில் ஓடும் பஸ்கள் வைத்திருந்த முதலாளியிடம் நான் குமாஸ்தா. பள்ளிக்கூடம் முடித்த கர்வம் வேறு. டிரைவர் வேலைக்கு ஆள் சேர்ப்பதை என்னிடமே விட்டிருந்தார்.

அந்த மனிதர் துவைத்து மடித்த காக்கிச் சட்டையில் வந்தார். நெற்றியில் பழைய தழும்பு. கையில் எப்போதும் ஓர் இரும்புச் சாவியை இறுக்கிப் பிடித்திருப்பார். படுத்துவிட்ட எஞ்சினை ஐந்தே நிமிஷத்தில் கிளப்பிக் காட்டியதும் நான் மயங்கிவிட்டேன்.

"நாளைக்கே வந்துடுங்க."

"சித்தூர்ல என் பழைய முதலாளிக்கு ஒரு கடுதாசி போட்டு விசாரிங்க சார். அப்பால சேத்துக்கலாம்."

"கைவேலையே சொல்லுதே, கடுதாசி எதுக்கு?" என்றேன். அவர் சாவியை இன்னொரு கைக்கு மாற்றி இறுக்கிக்கொண்டார்.

இருபதாம் நாள், ஆர்.கே.பேட்டை சாலையில் ஓட்டும்போதே அவருக்கு வலிப்பு வந்தது. பஸ் புளியமரத்தில் மோதி, முன்னால் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவுக்கு ஒரு கால் போயிற்று. சித்தூரில் அவரை நிறுத்தியதே வலிப்புக்காகத்தானாம். வலிப்புக்காரர்கள் கையில் இரும்பு வைத்திருப்பார்கள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு என்னைக் கேட்டார். "ஏம்பா, சித்தூர்ல விசாரிச்சியா இல்லியா?"

"கடுதாசி போடறேன்னுதாங்க சொன்னேன். இவருதான் வேணாம்னுட்டாரு," என்றேன்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"ஆங். நாந்தாங்க வேணாம்னேன்," என்றார் அவர், என்னைப் பார்க்காமலே.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்காக ஏன் அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை. இப்போது பழைய இடத்துக்குக் கடிதம் போட்டு விசாரிக்காமல் யாரையும் நான் சேர்ப்பதில்லை. என் ஜாக்கிரதையை முதலாளி ஊரெல்லாம் மெச்சிக்கொள்கிறார்.