நாய்க்குட்டிக்கு எண்ணெய்க் குளியல்

போன மாதம் என் பள்ளித் தோழிகளின் போன் குரூப்பில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் போட் ஜெட்டிக்குப் போகும் வழியில் இருந்த பொம்மைக் கடை. கருப்பு வெள்ளைப் படம், அதிலும் பாதி மங்கல். ஆனாலும் வாசலில் இருந்த அலுமினியப் பேசின் தெரிந்தது. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். ஐயோ என் பம்பரம், ஐயோ என் தகரக் கிளி, ஐயோ நம் சேச்சி என்று ஒரே புலம்பல். பேரன் பேத்தி எடுத்த கழுதைகள்! நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கடையின் பேச்சு வந்தாலே எனக்குக் காது சுடும். நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சுடுகிறது.

கடை ஒன்றும் பெரிதில்லை. இரண்டு பக்கமும் மிளகு, சுக்கு கிடங்குகள். நடுவில் தப்பித்து நிற்கிற மாதிரி ஓர் ஒற்றை அறை. பொம்மை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் இரண்டு நாளைக்கு அதில் மிளகு வாசனை அடிக்கும். புதுப் பொம்மை என்றால் தும்மல் வரும் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்பன் விட்டுப்போன கடையைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தவரை ஊரே சேச்சி என்று கூப்பிட்டது, அதாவது அக்கா. நாற்பது வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. கண்ணாடியின் ஒரு காதில் கம்பிக்குப் பதில் நூல். கொண்டையில் எப்போதும் இரண்டு ஹேர்பின்கள். ஒன்று தலைமுடிக்கு, இன்னொன்று பொம்மைகளைக் குத்திக் கிளறிச் சரிசெய்வதற்கு.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு நாளைக்கு ஒரு சாமானை எடுத்து ஒரு தடவை விளையாடிப் பார்க்கலாம். அதற்கு முன் "கை காட்டு மோளே" என்பார். கை சுத்தமாக இருந்தால் சாவி கொடுத்த கார் சிமென்ட் தரையில் ஓடும். இல்லாவிட்டால் பேசின் தண்ணீரில் கழுவிவிட்டு வர வேண்டும். அந்தப் பேசினில்தான் தகரப் படகும் ஓடும். உள்ளே சின்ன மெழுகுத் திரியைக் கொளுத்திவிட்டால் டக்டக்டக் என்று சுற்றிச் சுற்றி வரும். எங்கள் கை அழுக்கெல்லாம் அந்தப் படகுக்குக் கடல். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். கிடங்கு முதலாளி வீட்டுப் பிள்ளையும் வரிசையில் நிற்க வேண்டும், மிளகுக் கிடங்கில் எடை எழுதும் குமாஸ்தாவின் மகளான நானும் நிற்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபுக்குப் போக ஆரம்பித்தார்கள். திரும்பி வரும்போது பேட்டரியில் ஓடுகிற ஜப்பான் பொம்மைகள் வந்தன. வந்த வேகத்தில் பழுதாயின. அதையெல்லாம் தூக்கிக்கொண்டு எல்லோரும் சேச்சியிடம்தான் ஓடினார்கள். பம்பரமும் கிளியும் விற்றது கொஞ்சம், கல்ஃப் பொம்மைக்கு வைத்தியம் பார்த்தது அதிகம். கடை அதில்தான் ஓடியது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் மாமாவும் கல்ஃபில் எலக்ட்ரீஷியன். அம்மாவின் ஒரே தம்பி. முதல் லீவில் வந்தபோது ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தார். பழுப்பு ரோமம், சிவப்பு நாக்கு. ஒயரின் நுனியிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் நான்கு அடி நடக்கும், நின்று இரண்டு முறை குரைக்கும், வாலை ஆட்டும். எனக்கென்று கொண்டுவந்ததாகத்தான் பேச்சு. ஆனால் அம்மா அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, அலமாரிக்கு மேல் ஒரு பழைய சேலையையும் தொங்கவிட்டாள். யாராவது வந்தால் திரை விலகும். நாய் நடக்கும், குரைக்கும், திரும்ப உள்ளே போகும். எனக்கு அதைத் தொட அனுமதி இல்லை. "என் தம்பி சுடுமணல்ல வெந்து கொண்டுவந்ததுடீ. விளையாட்டுச் சாமானா அது?" என்பாள். பின்னே என்னவாம்?

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்க் குளியல். கொச்சியில் எத்தனை வருஷம் இருந்தாலும், வாயில் பாதி மலையாளம் வந்துவிட்டாலும், அம்மா அதை மட்டும் விட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். அப்பா கிடங்கில். மாமா பெண் பார்க்கத் திருநெல்வேலிப் பக்கம் போயிருந்தார். கிண்ணத்தில் நல்லெண்ணெய் மிச்சம், சீயக்காய்க் கரைசலும் மிச்சம். அலமாரியைத் திறந்து நாயை எடுத்தேன். அது வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு வெள்ளிக்கிழமைகூடக் குளித்ததில்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது.

உச்சி முதல் வால் வரை எண்ணெய் தேய்த்தேன். காதுக்குள்ளும் விட்டேன், அம்மா எனக்கு விடுகிற மாதிரியே. சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றி, துண்டால் துவட்டி, தலையில் ஊதிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் சின்ன வயதில் அதைவிட சந்தோஷமான அரை மணி நேரம் எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா வரும் சத்தம் கேட்டதும் ஈரத்தோடு அலமாரிக்குள் வைத்துத் திரையை இழுத்துவிட்டேன். எண்ணெய் வாசனை வந்திருக்கும்தான். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய் வாசனையை யார் தனியாகக் கவனிப்பார்கள்?

அடுத்த வாரம் விருந்தாளிகள் வந்தார்கள். அம்மா திரையை விலக்கி, நாயைத் தரையில் வைத்து, பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினாள். "என்னடி இது, சத்தமும் இல்ல அனக்கமும் இல்ல!" அவள் முகம் வெளுத்தது. தம்பி ஊரிலிருந்து திரும்புவதற்குள் சரிசெய்தாக வேண்டும். நாயை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "சேச்சிகிட்ட கொடு. பக்கத்திலேயே உக்காரு. கண்ணை எடுக்காதே. கல்ஃப் சாமானோட உள்பார்ட்ஸை உருவிட்டு டூப்ளிகேட் போட்டுடுவாங்களாம்" என்றாள். அந்தப் பயம் அப்போது ஊரெல்லாம் இருந்தது. ரேடியோவைக் கொடுத்தாலும் வாட்சைக் கொடுத்தாலும் ஒருவர் காவல் உட்காருவார்.

நான் காவல் உட்கார்ந்தேன். சேச்சி நாயின் வயிற்றுத் தையலைப் பிரித்து, திருகுகளைக் கழற்றி, மூடியைத் திறந்தார். உள்ளே பல்சக்கரங்களுக்கு நடுவில் பச்சையும் பழுப்புமாக ஏதோ சேறு அப்பியிருந்தது. ஹேர்பின்னால் கொஞ்சம் வழித்தெடுத்து மோந்து பார்த்தார். பிறகு என் தலைப் பக்கம் குனிந்து என் முடியையும் மோந்து பார்த்தார்.

"ஆரா மோளே இதினெ குளிப்பிச்சது?"

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அவர் சிரித்தார் பாருங்கள், கண்ணாடி நூல் அவிழ்கிற அளவுக்கு. சிரித்து முடித்ததும் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "பேடிக்கண்டா. ஞான் ஆரோடும் பறயில்லா" என்றார். பயப்படாதே, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று.

இரண்டு சாயங்காலம் வேலை செய்தார். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். துருப்பிடித்த ஒரு ஒயரையும் ஒரு திருகையும் மட்டும் மாற்றினார். மோட்டார் கறை பிடித்துப்போயிருந்தது, ஆனால் சுற்றியது. நாய் நடந்தது. குரல் மட்டும் திரும்பவில்லை. "குளிச்சதில் தொண்ட அடச்சுபோயி" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, வயிற்றைத் தைத்துக் கொடுத்தார்.

மாமா வந்தார். நாய் குரைக்காததைப் பார்த்ததும் தன்னுடைய ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தையலைப் பிரித்தார். எலக்ட்ரீஷியன் அல்லவா! மூடியைத் திறந்ததும், "அக்கா, இது நம்ம மோட்டாரே இல்ல. அசல் ஜப்பான் மோட்டார்னா வெள்ளி மாதிரி மின்னும். இதைப் பாரு, கறை புடிச்ச டூப்ளிகேட்டு. நல்லதை உருவிட்டா" என்றார். புதுத் திருகைத் தொட்டுக் காட்டினார், சாட்சிக்கு.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ அங்கதானேடி உக்காந்திருந்தே? மாத்தினாளா?"

எனக்கு இரண்டு பதில்தான் இருந்தன. இல்லை என்றால் அந்தக் கறை எப்படி வந்தது என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் குளியல் வெளியே வரும். அம்மாவின் கரண்டிக் காம்பு எனக்கு நன்றாகத் தெரியும். "ஆமா. மாத்தினாங்க" என்றேன். மாமா என் தலையைத் தட்டிக்கொடுத்து, "கண்ணு பாரு இவளுக்கு!" என்று ஒரு வாசனை ரப்பர் கொடுத்தார். பயத்தில் சொன்ன பொய் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்திருக்கிறேன். பாதிதான் உண்மை. ரப்பரை வாங்கி முகர்ந்தபோது பெருமையாகவும் இருந்தது, வெட்கங்கெட்ட ஜன்மம்.

அம்மா விடுவாளா? அன்று சாயங்காலமே என் கையைப் பிடித்துத் தரதரவென்று கடைக்கு இழுத்துப்போனாள். படகிலிருந்து இறங்கிய கூட்டம் வீட்டுக்குப் போகிற நேரம். வாசலில் நின்று தமிழிலும் மலையாளத்திலுமாக மாறிமாறித் திட்டினாள். கூட்டம் நின்றது. படகு விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பேசினை விட்டு எழுந்தார்கள். அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் சேச்சி மெதுவாகச் சொன்னார்.

"குட்டி அடுத்து இருந்ததல்லே? குட்டி பறயட்டெ."

பிள்ளை பக்கத்தில்தானே இருந்தாள், பிள்ளையே சொல்லட்டும். அவர் முகத்தில் கவலையே இல்லை. நான் உண்மை சொல்வேன் என்று அத்தனை நிச்சயம்.

"மாத்தினாங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

சேச்சி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. சீயக்காய் என்று சொல்லியிருந்தால் அம்மாவே வெட்கி ஓடியிருப்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். "எங்கில் அங்ஙனெ" என்றார். அப்படியானால் அப்படியே இருக்கட்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒரு பொடிசுக்குக் கொடுத்த வாக்கை நடுத்தெருவில் அவமானப்பட்டு நிற்கும்போதும் அவர் காப்பாற்றினார். நாய் பிறகு பீரோவின் மேல் ஏறியது. யாரும் பொத்தானை அமுக்கவே இல்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்றும் சொல்வார்கள். இரண்டும் அந்த ஒரே தெருவில் நடந்தன. கல்ஃப் பொம்மைகள் வருவது நின்றது. வந்த ஒன்றிரண்டோடு ஒரு பெரிய ஆளும் வந்து, சேச்சியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எதிர்ப்பக்கமாக நடந்து போகப் பழகினேன். பிள்ளைகள் குறைந்தார்கள். ஒரு நாள் பேசின் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சில வருஷங்களில் கடையும் போனது. எர்ணாகுளம் பிராட்வேயில் பெரிய பெரிய கடைகள் வந்துவிட்டன, எப்படியும் மூடியிருப்பார் என்று எனக்குள் ஒரு வக்கீல் வாதாடுவதுண்டு. இன்றுவரை அந்த வக்கீல் ஜெயித்ததில்லை.

கல்லூரிக்கு எர்ணாகுளம் போய்வந்த நாட்களில் ஒருமுறை அவரைப் பார்த்தேன். ஜெட்டியில், பெண்கள் வரிசையில், எனக்கு முன்னால். தலை நரைத்திருந்தது. கொண்டையில் ஒரே ஒரு ஹேர்பின். பிராட்வேயில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனைக்கு நிற்பதாகச் சொன்னார், நாளெல்லாம் நிற்க வேண்டும், கால்தான் வலிக்கிறது என்றார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "நம்முடெ நாய்க்குட்டி நடக்குன்னுண்டோ?" என்றார்.

நம்முடைய நாய்க்குட்டி. வேறு யாராக இருந்தாலும் குத்திக் காட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். மன்னித்துவிடுங்கள் சேச்சி என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வரிசை நகர்ந்தது.

"நடக்குது சேச்சி" என்றேன். அதுவும் பொய். படகில் அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை. அம்மாவும் கடைசி வரை அவரைத் திருடி என்றே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

இப்போது குரூப்பில் அந்தப் படத்துக்குக் கீழே ஒருத்தி மலையாளத்தில் எழுதியிருந்தாள். சேச்சி தங்கமானவர்தான், ஆனால் கை கொஞ்சம் நீளம், யார் வீட்டு நாயின் மோட்டாரையோ மாற்றிவிட்டாராமே, ஞாபகம் இருக்கிறதா என்று. அடியில் ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள். யார் வீட்டு நாய் என்று ஒருத்திக்கும் நினைவில்லை. பெயர் கெட்டது மட்டும் நினைவிருக்கிறது. சேச்சி இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன என்று அதற்கும் கீழே இன்னொருத்தி எழுதியிருந்தாள்.

உடனே மலையாளத்தில் நான்கு வரி அடித்தேன். அது எங்கள் வீட்டு நாய், குளிப்பாட்டியது நான், மோட்டாரை யாரும் மாற்றவில்லை. அனுப்பும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். நான்கு வரியில் சொன்னால் புரியாது, விவரமாக எழுத வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் வந்தபின் நன்றாகப் பழகிக்கொண்ட தமிழில், ஒன்றையும் மறைக்காமல், இதோ எழுதிவிட்டேன்.

அந்தக் குரூப்பில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.