மாலை போட்ட ராக்கெட்

பிரிக்ஃபீல்ட்ஸில் போன வாரம் தோசைக்குக் காத்திருந்தபோது எதிரே யாரோ மத்தாப்பு கொளுத்தினார்கள். அந்தக் கரிந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குத் தீபாவளி நினைவுக்கு வரவில்லை. ஒரு டத்தோதான் வந்தார், சுல்தான் கொடுத்த பட்டத்தோடு திரியும் பெரிய மனிதர். என் மூக்கு அப்படி.

பல வருடங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியன். அறிவியல் கழகம் பள்ளித் திடலில் ராக்கெட் விடும் நாளில் மைக் என் பொறுப்பு. அட்டை ராக்கெட்டைப் பிள்ளைகளே செய்திருந்தார்கள். அடியில் செருகும் மருந்துக்குழல் மட்டும் கடையில் வாங்கியது. அந்த டத்தோ தலைமை. நம் ஆட்களைத்தான் தெரியுமே, தலைமை என்றால் மாலை, மாலை என்றால் படம். குழலுக்கும் சந்தனம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, ஆளாளுக்குக் கையில் வாங்கிச் சிரித்தோம். நானும்தான், பல்லெல்லாம் தெரிய. டத்தோ தம் மாலையைச் சரிசெய்யப் போய்க் குழலை மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் போட்டார்.

அறிவியல் ஆசிரியை சரோஜா அதை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். “உள்ள உடைஞ்சிருக்கு டத்தோ. கொளுத்தக் கூடாது.”

“எரியறதுக்குத்தானே வாங்குனோம்? உடைஞ்சா எரியாதா? பயப்படாதீங்க லா, டீச்சர்.”

எரியும், அதுதான் வம்பே. ராக்கெட் மருந்துக்கு வெளிக்காற்று வேண்டாம். எரியத் தேவையானது அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் தீ மேற்பரப்பில்தான் பிடிக்கும், அங்கிருந்து அடுக்கடுக்காக உள்ளே போகும். விறகைப் பிளந்தால் சட்டென்று பிடிக்கிறதே, அதே கதை. விரிசல் விட்டால் எரிய இடம் கூடும், வாயு பெருகும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். கடைசியில் குழல் தாங்காது. இதைச் சரோஜா டீச்சர் இரண்டு முறை சொன்னார். டத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

படத்துக்காகப் பிள்ளைகளின் பாய்களை ராக்கெட்டுக்குக் கிட்டேயே விரித்திருந்தார்கள்.

“அப்போ பிள்ளைங்க இங்க உக்கார மாட்டாங்க” என்றார் டீச்சர்.

“படத்துல காலியா தெரியுமே டீச்சர்” என்றார் டத்தோ.

டீச்சர் அத்தனை பேரையும் எழுப்பி மண்டபச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

டத்தோ எட்ட நின்று பொத்தானை அமுக்கினார். ராக்கெட் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை, வெடித்துக் கிழிந்தது. குழலின் துண்டொன்று காலிப் பாயைப் பொத்துக்கொண்டு புகைந்தது. மேசைக்கடியிலிருந்து மாலையோடு வெளியே வந்த டத்தோ, “யாரு கண்ணு பட்டுச்சோ” என்றார்.

மறுமாதம் கழகத்தை மூடினார்கள், அறிவியல் ஆபத்தாம். டீச்சரை டெங்கிலில் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ராக்கெட்டுக்கு இறக்கை ஒட்டிய பெண் ஒருத்தி என்னிடம் வந்து, “சார், நல்ல குழல் வாங்குனா பறக்கும்தானே?” என்று கேட்டாள்.

“பாக்கலாம்மா” என்றேன். பார்க்கவில்லை. அந்தத் திடலே இப்போது கார் நிறுத்துமிடம்.