சூடு போட்டாச்சா?

போன செவ்வாய்க்கிழமை ஒரு சொல்லை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபது அடி தூரம்தான். அன்றிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை... உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

இடம் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள கோப்பெங். என் பெரியம்மா மகள் தேவி அக்கா அங்கே பேலட் பட்டறை நடத்துகிறார். பேலட் என்றால் தெரியும்தானே? சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் தூக்குவார்களே, அந்த மரத் தட்டு. வீட்டில் பூந்தொட்டி வைக்க உடைந்த பேலட் இரண்டு கேட்டிருந்தேன். எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் நான் காலில் சக்கரம் கட்டிய ஆள். பட்டறையை இரண்டு சுற்று சுற்றி, எல்லார் வேலையிலும் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலேறும் பேலட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மரத்துக்குள் ஒளிந்துகொண்டு வண்டும் புழுவும் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது. அதனால் பேலட்டை ஓர் அறைக்குள் அடுக்கி, மூடி, சூடேற்ற வேண்டும். மரத்தின் நடுப்பகுதியே ஐம்பத்தாறு டிகிரிக்கு வந்து அரை மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும். அதன் பிறகுதான் முத்திரை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாட்டின் குறி, பட்டறையின் பதிவு எண், சூடேற்றிய மரம் என்பதற்கு 'எச்டி' என்று இரண்டு ஆங்கில எழுத்து. வெளிநாட்டுத் துறைமுகத்தில் இருப்பவர் அதைப் பார்த்துத்தான் நம்புகிறார்.

இப்போது சொல்லுங்கள். பேலட்டை அறைக்குள் வைத்து எடுப்பதை நம் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்? சூடு போடுவது. காய்ச்சிய இரும்பால் முத்திரை குத்துவதை? அதுவும் சூடு போடுவதுதான்!

அன்று எண்பது பேலட் தஞ்சோங் மாலிம் பக்கம் உள்ள ஓர் உதிரிபாகக் கம்பெனிக்குப் போக வேண்டும். அங்கே சரக்கு ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு. லாரி வந்து நின்றுவிட்டது. அக்கா ஆபீஸுக்குள் போனும் கையுமாக இருந்தார். ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்.

"தம்பி, குணாகிட்ட கேளு, எண்பதுக்கும் சூடு போட்டாச்சான்னு."

குணா அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்பவர். மூன்று பிள்ளைகளின் அப்பா. முத்திரை குத்துகிறவர் லீவில் போனதால் இரண்டு வாரமாக அந்த இரும்பு இவர் கையில்.

"குணா, எண்பதுக்கும் சூடு போட்டாச்சா?"

"காலையிலேயே போட்டாச்சுண்ணே."

"போட்டாச்சாம்க்கா" என்று கத்தினேன். லாரி கிளம்பிவிட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா டெம்பரேச்சர் சார்ட்டைத் தேடினார். அறைக்குள் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று மெஷின் அடித்துத் தரும் தாள் அது. அந்த எண்பதுக்குத் தாள் இல்லை. எப்படி இருக்கும்? எண்பதும் அறைக்குள்ளேயே போகவில்லை. முதல் நாள் அக்கா போனில், "எண்பதுக்கும் சூடு போட்டு வை" என்று குணாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அறையை. இவர் எடுத்துக்கொண்டது இரும்பை. அறையிலிருந்து வந்த பேலட்தான் என்று நம்பி, எண்பதிலும் முத்திரை குத்தி வைத்துவிட்டார்.

"அண்ணே, நீங்க இரும்பைத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்" என்றார் குணா. முகத்தில் ஈயாடவில்லை.

அதுவும் ரப்பர் மரம். வண்டுக்கு அது விருந்துச் சாப்பாடு. அந்தப் பக்கத் துறைமுகத்தில் ஒரு வண்டு வெளியே வந்தால் போதும், முத்திரையில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு கோப்பெங் வரைக்கும் வந்துவிடுவார்கள். பதிவு எண் ரத்தானால் பட்டறையை மூட வேண்டியதுதான். குணாவோடு சேர்த்துப் பதினொரு பேருக்கு அங்கேதான் பிழைப்பு.

லாரி டிரைவருக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு நான் ஹைவேயில் விரட்டினேன். அவர் போனை அமுக்கிக்கொண்டே வந்தார். பயந்தவன் வாய் சும்மா இருக்குமா?

"அக்கா, முத்திரை இருக்குதானே? எல்லாத்தையும் பொளந்தா பாக்கப் போறாங்க? விட்டுட்டா என்ன?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. "அதுல இருக்கிறது என்னோட நம்பர் தம்பி. நீ ரோட்டைப் பாரு."

சுங்காய் ஊரை நெருங்கும்போது டிரைவர் போனை எடுத்தார். போனை லாரியில் வைத்துவிட்டுக் கடையில் மீ கோரேங் சாப்பிடப் போயிருந்தாராம். "என்னக்கா, இத்தனை மிஸ்ட் கால் லா?"

"சாப்பிட்டு முடிச்சிட்டு லாரியைத் திருப்பு. பட்டறைக்கு வா."

அத்தோடு முடிந்ததா? கம்பெனிக்காரரிடம் சொல்ல வேண்டுமே. லாரி பழுது என்று சொல்லிவிடலாம் என்றேன். ஆமாம், இதையும் நான்தான் சொன்னேன். அக்கா நம்பரை அமுக்கி, மலாயில் எடுத்த எடுப்பிலேயே, "சாலா சாயா லா, பாஸ்" என்றார். என் தப்பு என்று அர்த்தம். பேலட்டுக்குச் சூடேற்றவில்லை, பார்க்காமல் அனுப்பிவிட்டேன், நாளைக்குத்தான் கிடைக்கும் என்றார். அவருக்குக் கப்பல் தவறிவிடும். அந்தப் பக்கம் கத்திய கத்து எனக்கே கேட்டது. அடுத்த ஆர்டருக்கு வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காரைத் திருப்பச் சொன்னார்.

திரும்பி வந்ததும் குணா தானாக முன்னால் வந்து நின்றார். "என் தப்புக்கா. சார்ட் எங்கன்னு கேட்டுட்டு இரும்பை எடுத்திருக்கணும்."

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி விடுங்க, தப்பு நடந்துபோச்சு."

நடந்துபோச்சு! எவ்வளவு வசதியான தமிழ்... கேஸ் அடுப்பை அடைச்சாச்சா? அடைச்சாச்சு. அவர்கிட்ட சொல்லியாச்சா? சொல்லியாச்சு. யார் அடைத்தது, யார் சொன்னது, என்னத்தைச் சொன்னது? அதெல்லாம் அந்த 'ஆச்சு', 'போச்சு'வில் கிடையாது. வேலை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். ஏதாவது கெட்டுப்போனால் நாம் எல்லோரும் ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

பொய் முத்திரை ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார். சுட்ட எழுத்து லேசில் போகாது. சாயங்காலம் வரைக்கும் மெஷின் பிடித்துத் தேய்த்தோம், நானும்தான். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. எண்பதும் பிறகு அறைக்குள் போனது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ட்டை இரண்டு முறை படித்தார்.

அவ்வளவு நேரம் குணாவின் பக்கத்திலேயே நின்றேன். அவர் தலை நிமிரவே இல்லை. எந்தச் சூடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் லாரி கிளம்பியிருக்காது. கேட்காமல் கத்தியது நான். அதை அவரிடம் சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். அக்காவும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெட்கமாக இருக்கிறது.

குணா வாராவாரம் என்னுடைய இந்தப் பத்தியைப் படிப்பவர். அவருக்காகவே எழுதுகிறேன்.

தப்பு நடந்துபோகவில்லை குணா. நான் செய்தேன்.