ஃபாரின்காரி யாரும் இல்லை

வல்லம் வடகாலில் எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியாள் வந்து யாரையாவது தேடினால், முதலில் இல்லை என்றுதான் சொல்வார்கள். தேடி வந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த பிறகே வீட்டைக் காட்டுவார்கள். பாதி வீடுகளில் கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். யாரை யார் எதற்குத் தேடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? இந்தப் பழக்கத்தால் எனக்கு வர வேண்டிய குடியுரிமை போகப் பார்த்தது.

நான் மலேசியாவில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம், மலாய்ப் பள்ளியில் மூன்று வருடம், படிப்பு அவ்வளவுதான். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்கு வந்தவரைக் கட்டிக்கொண்டு, நாற்பதை நெருங்கும் வயதில் இங்கே வந்தேன். அவர் இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இந்தியரைக் கட்டியவள் ஏழு வருடம் இங்கேயே தங்கியிருந்தால் குடியுரிமை கேட்கலாம். அதுவரை விசாவை நீட்டிக்கப் போகும்போதெல்லாம், "எப்போ திரும்பிப் போவீங்க?" என்று யாராவது கேட்பார்கள். துவைத்த துணி கொடியில் கிடக்கிறது, மழை வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச வராது.

ஏழு வருடம் முடிந்து விண்ணப்பம் கொடுத்தோம். அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஆள் வருவார் என்றார்கள். "பக்கத்து வூட்டு அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லி வை" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லக் கூச்சமாக இருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டேன்.

விசாரிக்க ஆள் வந்த அன்று நான் வாலாஜாபாத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் அக்கா பெருமையாகச் சொன்னார்.

"எவனோ ஒருத்தன் ஃபைல தூக்கிக்கினு வந்தான். இந்தத் தெருவுல ஃபாரின்காரி ஒருத்தங்க கீறாங்களான்னு கேட்டான். மாதா சத்தியமா அப்டி யாரும் இல்லன்னு வெரட்டி வுட்டேன்."

வந்தவர் குடியுரிமைக்கு விசாரிக்க வந்த அலுவலர்தான். அப்படி யாரும் இங்கே குடியிருக்கவில்லை என்று அவர் எழுதிவிட்டால், ஏழு வருடமும் கணக்கில் வராது. விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அடிப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? மாதா மேல பொய் சத்தியம் ஆயிடுச்சே, ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயி பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?"

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏழு வருசமா நான் யார்கூட குடித்தனம் பண்ணிக்கினு இருந்தேன்னு தெரிலயே." சிரித்தாரே தவிர, மறுநாள் லீவு போட்டுவிட்டு அந்த அலுவலரைத் தேடிப் போனார். அவரும் புதன்கிழமை இன்னொரு முறை வருவதாகச் சொல்லியனுப்பினார்.

புதன்கிழமை அக்கா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்து முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு ஏம்மா இல்லன்னீங்க?" என்றார் அலுவலர்.

"ஃபாரின்காரின்னா கவுனு போட்டுக்கினு வெள்ளையா இருக்கும்னு நெனச்சேன் சார். இது தெனம் என்னாண்ட கறிவேப்பில வாங்கிக்கினு கீது."

"அப்ப இவங்க வெளிநாடுதானா?"

"சத்தியமா வெளிநாடு சார். வந்த மூணா நாளு என் வூட்டு மீன் கொழம்புல சக்கர பத்தலன்னா. டீல பால் ஊத்தாம ஐஸ் போட்டு குடிப்பா. சோத்த ஸ்பூன்ல துன்னுவா. நம்மூர் பொம்பள எவளாவது செய்வாளா? எழுதிக்கோங்க."

ஏழு வருடமாக அக்கா இதையெல்லாம் மனதில் வைத்திருந்தார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அலுவலர் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இங்கயே இருக்கப்போறீங்களா?"

இதற்கு ஒரு நல்ல பதிலை மூன்று நாளாகப் பாடம் செய்திருந்தேன். ஆனால் வாய் தானாகத் திறந்து, "பசியாறிட்டீங்களா சார்?" என்றது. மலேசியாவில் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பது அது.

"பாத்தீங்களா?" என்றார் அக்கா. "டிபன் ஆச்சான்னு கேக்க வருதா பாருங்க. இதையும் எழுதிக்கோங்க."

அலுவலர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கும் மூச்சு வந்தது. "இங்கயேதான் சார் இருக்கேன். இங்கயேதான் இருப்பேன்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

பல மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. குடியுரிமை தருவார்கள், அதற்கு முன் பழையதை விட வேண்டும். சிவப்புப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கப் போகுமுன் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தேன். அதிலிருந்த படத்தில் எனக்கு நரையே இல்லை. அக்கா எட்டிப் பார்த்து, "இப்பவே பரவால்ல" என்றார்.

சான்றிதழ் கைக்கு வந்த அன்று அக்காவுக்குப் பாலில்லாத டீயில் ஐஸ் போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே பாதி குடித்தார்.

"இனிமே எவனாவது வந்து ஃபாரின்காரி இருக்காளான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்லுவேன்" என்றார். "சாமியார்கிட்ட போக வேணாம் பாரு."