எல்லாம் இடது கால்

போன வருடம் மழைக்காலத்தில், ஆம்பூரில் உள்ள என் சின்னச் செருப்புப் பட்டறையில் நடந்தது இது.

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். லாரி கிளீனர், பெங்களூரில் ஓட்டல் வேலை, ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலை என்று அலைந்துவிட்டு, கடைசியில் சொந்தப் பட்டறை வைத்தேன். வேலூரில் ஒரு பல்கலைக்கழகம், தொழில் செய்கிறவர்களை வைத்தே மாணவர்களுக்குத் தொழில் தொடங்கக் கற்றுத்தருகிறது. என்னையும் கூப்பிட்டார்கள். நான்கு மாணவர்களை என் பொறுப்பில் விட்டார்கள். அவர்களே செருப்பு செய்து, ஒரு கடைக்காரரிடம் ஆர்டர் வாங்க வேண்டும். வாங்கினால்தான் தேர்ச்சி.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வேலூர்க் கடைக்காரர் ஒருவர் மாதிரிச் செருப்புகளைப் பார்க்க வருவதாக இருந்தது. மாணவர்களைத் தோல் வெட்டச் சொல்லிவிட்டு, நான் பள்ளிகொண்டா வரை போய்வந்தேன். மேஜை நிறைய, செருப்பின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோல் துண்டுகள். ஒன்றை எடுத்தேன், இன்னொன்றை எடுத்தேன். எல்லாமே இடது கால்! ஒரு காலுக்கு வெட்டியதும் அச்சைக் கவிழ்த்துப் போட்டு மறு காலுக்கு வெட்ட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது கைப்பழக்கம். அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"இன்னா மச்சான், நொண்டி ஆடறவங்களுக்குத்தான் விக்கணும் போல" என்று ஒருவன் சிரித்தான்.

"பேஜார் பண்ணாதடா" என்று இன்னொருவன் அதட்டினான்.

வேறு தோல் வாங்கலாமென்றால் ஜும்மா தொழுகை நேரம், கடைகள் சாத்தியிருந்தன. கடை திறந்த பிறகு வாங்கி, வெட்டித் தைப்பதற்குள் அவர் வந்துவிடுவார். வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தேன்.

மாதனூரிலிருந்து வரும் மாணவி தயங்கிக்கொண்டே கேட்டாள். "சார், பாதியத் திருப்பிப் போட்டா வலது கால் ஆய்டாதா?"

"தோலுக்கு முகம் ஒரு பக்கம்தாம்மா. பின்பக்கம் சொரசொரன்னு இருக்கும்."

"இது ரெண்டு பக்கமும் சொரசொரன்னுதானே சார் இருக்குது?"

தடவிப் பார்த்தேன். முகத்தோலைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அடித்தோலை வாங்கி வந்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். போனைக் கீழே வைத்துவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வந்த கடைக்காரர் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தார். "நல்லாக்கீதுப்பா, செஞ்சு அனுப்புங்க" என்றார். நான்கு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

என் அனுபவத்தைச் சொல்லித்தரத்தான் என்னை அழைத்தார்கள். அந்த அனுபவமே சில நேரம் கண்ணை மறைக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் முடியாது என்று சொல்வதற்கு முன், கையில் இருப்பதை ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன்.